பனிக்கட்டி வந்த பாதை

சென்ற கோடையில் ஒரு நாள் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பனிக்கட்டி தருவதை நிறுத்திக்கொண்டது. நியூ ஜெர்சியில் இது பெரிய செய்தியல்ல. ஆனால் அப்போது திருவல்லிக்கேணியிலிருந்து அப்பா வந்திருந்தார். விமானப் பயணத்தில் அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். கதவிலிருக்கும் நெம்பை அழுத்தினால் உள்ளே மோட்டார் உறுமியது, கட்டி விழவில்லை.

"என்னடா, தண்ணி வருது, ஐஸ் வரலையா?" என்றார் அப்பா. கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஐஸ் ஹவுஸுக்கு நான்கு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்த மனிதர் அவர். "அந்தக் காலத்துல போஸ்டன்லேர்ந்து கப்பல்ல ஐஸ் வந்துதாம். இப்ப போஸ்டன் பக்கத்துலயே உக்காந்துண்டு பட்டாணிய வெச்சிண்டிருக்கேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். பழுதை ஒவ்வொரு கட்டமாகத் தேடிச் சென்ற அந்த இரண்டு நாட்களில், பனிக்கட்டியின் வரலாறே ஏறக்குறைய இப்படிப்பட்ட தேடல்தான் என்று தோன்றியது. எங்கோ ஓரிடத்தில் குளிர் நின்றுபோகிறது. எந்தக் கண்ணியில் அறுந்தது என்று ஒருவர் தேடுகிறார். அதைச் சரிசெய்ததும் வேறொரு கண்ணி அறுகிறது.

*

வெப்ப நாடுகளில் குளிர்ச்சிக்கான ஏக்கம் டூடருக்கு முன்பே இருந்தது. முகலாய அரண்மனைகளில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசல் குளிர்வதைக்கொண்டு குடிநீரைக் குளிர்வித்தார்கள். அபுல் ஃபசல் இதை அயினி அக்பரியில் பதிவு செய்திருக்கிறார். அலகாபாத் போன்ற இடங்களில் குளிர்கால இரவுகளில் பள்ளம் தோண்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆழமற்ற மண் தட்டுகளில் தண்ணீர் வைப்பார்கள். மேகமற்ற வானை நோக்கித் தண்ணீர் தன் வெப்பத்தை இழக்கும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே விடியலில் தட்டுகளில் மெல்லிய பனித்தகடு படிந்திருக்கும். ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை விவரித்து எழுதினார். வைக்கோல் ஈரமானாலோ, காற்று வீசினாலோ, மேகம் வந்தாலோ பனி இல்லை. சென்னையின் கடற்கரைக் காற்றில் இதற்கு வழியே இல்லை.

போஸ்டனில் 1783இல் பிறந்த பிரெடெரிக் டூடர், குளிர்காலத்தில் குளங்களில் வீணாகக் கிடக்கும் பனியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்பது என்று முடிவு செய்தபோது ஊரார் சிரித்தார்கள். 1806 பிப்ரவரியில் அவருடைய முதல் சரக்கு கரீபியத் தீவான மார்த்தினிக்குக்குப் போனது. பனிக்கட்டி வந்து சேர்ந்தது. ஆனால் அதை வைக்க அங்கே கிடங்கு இல்லை. வாங்கியவர்களுக்கு அதை வைத்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போன கட்டி உருகி ஓடியதும் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். அங்கிருந்த ஒரு பூங்காவின் உரிமையாளருக்கு ஐஸ்கிரீம் செய்துகாட்டிக் கொஞ்சம் விற்றார் டூடர். மிச்சம் கரைந்தது. பணமும் கரைந்தது. பின்வந்த ஆண்டுகளில் கடனுக்காக அவர் சிறைக்கும் போனார்.

சிறைக்குப் போனவரைக் காப்பாற்றியது ஒரு கழிவுப்பொருள். வைக்கோல், உமி, மரச்சீவல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து மரத்தூளில் வந்து நின்றார் டூடர். மெய்ன் மாநில மர அறுவை ஆலைகளுக்கு அது அப்புறப்படுத்த வேண்டிய குப்பை. துகள்களுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது; துகள் கட்டியோடு ஒட்டிக்கொள்ளாது. இன்னொரு சிக்கல் கட்டியின் வடிவம். கோடரியால் வெட்டிய ஒழுங்கற்ற பாளங்களுக்கிடையே இடைவெளி விழும், இடைவெளியில் காற்று ஓடும், காற்று உருக்கும். 1825இல் நாதனியல் வையெத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவி ஒன்றை வடிவமைத்தார். உறைந்த குளத்தின்மேல் உழவுசால் போல இணைகோடுகள் கீறிச் சம அளவுக் கட்டிகளாக அறுக்க அது உதவியது. செங்கல்லைப்போல நெருக்கமாக அடுக்க முடிந்ததும் கப்பலில் உருகுவது பெருமளவு குறைந்தது.

இதில் இயற்கையின் ஒத்துழைப்பும் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். பூஜ்ஜிய டிகிரித் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படும் அதே வெப்பம் அது. தவிர, கட்டிகள் ஒரே பெருந்திரளாக இருக்கும்போது வெளிப்பரப்புதான் உருகும். உள்ளிருப்பது தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு போஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பிறகு செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. பனிக்கட்டிக்குச் சுங்கவரி விலக்கப்பட்டது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க், சரக்கோடு வந்த ரோஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். காப்பிச் சூதாட்டத்தில் பெரும் கடனில் விழுந்திருந்த டூடரை மீட்டெடுத்ததில் இந்த இந்திய வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு.

*

சென்னையில் கடற்கரையோரம் எழுந்த பனிக்கிடங்கு 1842ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட, சரக்கும் மனிதர்களும் மசூலா படகுகளில்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை அறைந்தால் நெகிழ்ந்து கொடுக்கும். மாசச்சூசெட்ஸ் குளமொன்றில் குளிர்காலத்தில் அறுக்கப்பட்ட கட்டியின் கடைசிச் சில நூறு கஜப் பயணம் நம் மீனவர்களின் தோளிலும் துடுப்பிலும் நடந்தது. அவர்களில் யாருடைய பெயரும் வணிகக் கணக்கேடுகளில் இல்லை. அந்தப் பனிக்கட்டியில் ஒரு துண்டு அவர்கள் வீட்டுக் குவளையில் விழுந்திருக்கும் என்று எண்ணவும் இடமில்லை. அது வெள்ளைக்காரர்களின் மதுக்கோப்பைகளுக்கும், வசதியுள்ள சிலரின் விருந்துகளுக்கும், சில நேரம் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் போனது.

இலக்கிய வாசகர்கள் அறிந்த ஒரு செய்தி இங்கே வரும். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனி அறுக்க டூடரின் ஆட்கள் வந்தார்கள். குளக்கரையில் குடிலமைத்து வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ, தன் குளத்து நீரைச் சென்னைக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் பருகப்போவதை வியந்து எழுதினார். பகவத் கீதையைக் காலையில் படித்துக்கொண்டிருந்தவருக்கு, தன் கிணறும் கங்கையும் கலப்பதாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. இந்தப் பகுதியை வைத்துக்கொண்டு, ஐஸ் ஹவுஸில் இருந்தது வால்டன் பனிதான் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதே நூலில், அதே இயலில், தோரோ இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் அறுத்துக் குவித்த பனி சுமார் 10,000 டன் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அடுத்த ஜூலையில் மூடியைத் திறந்து ஒரு பகுதியைக் கொண்டுபோனார்கள். மிச்சம் வெயிலில் கிடந்தது. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் தாண்டி 1848 செப்டம்பரில்தான் அது முழுதும் உருகி முடிந்தது. அதாவது வால்டன் குளம் தன் பனியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சென்னைக்கு அதில் ஏதேனும் வந்திருக்கலாம்; டூடர் வேறு பல குளங்களிலும் பனி அறுத்தவர் என்பதால், நமக்கு வந்தது பெரும்பாலும் அவற்றின் பனியாகவே இருக்கும். மேற்கோளாக எடுத்தாளப்படும் பகுதியைவிட, உருகிக் குளத்துக்கே திரும்பிய அந்தக் குவியல்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி அறுந்ததால், பத்தாயிரம் டன் குளிர் ஒரு கரையில் வீணே அமர்ந்திருந்தது.

*

டூடரின் சங்கிலி நீளமானது. நீளமான சங்கிலிக்குக் கண்ணிகள் அதிகம். அந்த ஆண்டு குளம் சரியாக உறைய வேண்டும், கப்பல் கிடைக்க வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும். தாமதமான கப்பலுக்காகக் காத்திருந்தவர்களில் ஜான் கோரி என்ற மருத்துவரும் ஒருவர்.

ஃபுளோரிடாவின் அபலாச்சிக்கோலா என்ற சிறு துறைமுக நகரில் மருத்துவம் பார்த்தவர் கோரி. கோடைதோறும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் அந்த ஊரை வாட்டின. நோய்க்குக் காரணம் வெப்பத்தில் அழுகும் பொருட்களிலிருந்து எழும் கெட்ட காற்று என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். கோரியும் நம்பினார். நோயாளி படுத்திருக்கும் அறையின் கூரையிலிருந்து பாத்திரம் ஒன்றில் பனிக்கட்டியைத் தொங்கவிட்டு, அதன்மேல் படிந்து குளிர்ந்து கீழிறங்கும் காற்றால் அறையைக் குளிர்வித்தார். பனிக்கட்டி வடக்கிலிருந்து கப்பலில் வரவேண்டும். வராதபோது என்ன செய்வது?

பனிக்கட்டியை ஊரிலேயே செய்வது என்று அவர் முடிவு செய்தார். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீரால் அகற்றிவிட்டு அதே காற்றை விரிய விட்டால் கடுமையாகக் குளிரும். அந்தக் குளிரை உப்புநீருக்கு மாற்றி, உப்புநீரைக்கொண்டு தண்ணீரை உறைய வைத்தது அவருடைய எந்திரம். 1844இல் 'ஜென்னர்' என்ற புனைபெயரில் உள்ளூர்ச் செய்தித்தாளில் இதைப் பற்றித் தொடர் எழுதினார். கடவுளைப்போல் பனி செய்யத் துணிந்த கிறுக்கன் என்று நியூயார்க் பத்திரிகையொன்று கேலி செய்தது. 1851 மே 6ஆம் தேதி 8080 என்ற எண்ணுடன் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் முதலீட்டுக்கு முன்வந்திருந்த பங்காளி இறந்துபோனார். புதிய முதலீட்டாளர் கிடைக்கவில்லை. எந்திரமும் கசிந்தது, அக்காலத்து உலோக வேலைப்பாடு அழுத்தத்தைத் தாங்கும் துல்லியத்தை எட்டியிருக்கவில்லை. 1855இல், ஐம்பத்தோரு வயதில், உடலும் பணமும் குன்றி இறந்தார் கோரி.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் 1897இல் கண்டறிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. கோரியின் மருத்துவக் கொள்கை தவறு, எந்திரம் சரி. பழுதுக்கான காரணத்தைத் தவறாக ஊகித்தவர் வேறொன்றைச் சரியாகச் செய்துவிட்ட அபூர்வ நிகழ்வு இது. வாஷிங்டனில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தில் ஃபுளோரிடாவின் சார்பில் இன்று நிற்பது இந்த மனிதரின் சிலை.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பத்திரிகையாளர் ஈதரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் எந்திரத்தால் 1850களில் பனிக்கட்டி செய்தார். 1873இல் உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கப்பலில் அனுப்பியபோது வழியில் குளிர் கைவிட்டது, இறைச்சி அழுகியது, ஹாரிசன் நொடித்துப்போனார். பிரான்ஸின் ஃபெர்டினாண்ட் கார்ரே 1859இல் அம்மோனியாவைக் கொண்டு வேறொரு வழி கண்டார். உள்நாட்டுப் போரில் வடக்கின் பனி தெற்குக்கு வராமல் நின்றபோது, கார்ரேயின் எந்திரங்கள் கடல் முற்றுகையைத் தாண்டித் தென் மாநிலங்களுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. 1870களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அம்மோனிய எந்திரத்தை ஆலைகள் நம்பக்கூடிய அளவுக்குச் செம்மைப்படுத்தினார். அதே பத்தாண்டில் சென்னையிலும் கல்கத்தாவிலும் எந்திரப் பனிக்கட்டி நிறுவனங்கள் தொடங்கின. போஸ்டன் பனி நின்றது. இம்முறை நின்றதற்குக் காரணம் பழுதல்ல, தேவையின்மை.

வேலை இழந்த பனிக்கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாட்கள் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு நடத்திய விடுதி அங்கே இயங்கியது. வெப்பம் உள்ளே வராதபடி எழுப்பிய சுவர்களுக்குள், வெளியே நடமாட அனுமதிக்கப்படாத சிறுமிகள் பாடம் படித்தார்கள். அவர்களில் சிலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். 1963இல் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. பேருந்து நடத்துநர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் மட்டும் அது ஐஸ் ஹவுஸாகவே நீடித்தது.

*

வீட்டுக்குள் குளிர் நுழைந்தபோது புதிய பழுதுகளும் கூடவே நுழைந்தன. 1920களின் வீட்டுக் குளிர்பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் ஓடின. குழாய் கசிந்தால் உறங்குபவர்கள் இறந்தார்கள். பெர்லினில் அப்படி ஒரு குடும்பம் மாண்ட செய்தி, ஐன்ஸ்டைனையும் லியோ சிலார்டையும் அசையும் உறுப்பே இல்லாத குளிர்பெட்டி ஒன்றை வடிவமைக்கத் தூண்டியது. அது சந்தைக்கு வரவில்லை. அதற்குள் நச்சில்லாத, தீப்பிடிக்காத ஃப்ரியான் வந்துவிட்டது. எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். 1974இல் மொலினாவும் ரோலண்டும், அந்த வாயுக் குடும்பம் வான்மேல் ஏறி ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அடுப்பங்கரையில் அடைத்த ஓட்டை வானத்தில் திறந்திருந்தது.

பனிக்கட்டி தானே செய்து தானே கொட்டும் கருவியை வீட்டுக் குளிர்பெட்டியில் 1953இல் அறிமுகப்படுத்தியது அமெரிக்காவின் செர்வெல் நிறுவனம். எங்கள் வீட்டில் நின்றுபோனது அதன் கொள்ளுப்பேரன். அது வேலை செய்யும் விதம் எளியது. மின்காந்த வால்வு சில வினாடிகள் திறந்து அச்சுத்தட்டில் தண்ணீரை நிரப்பும். தட்டு போதுமான அளவு குளிர்ந்ததை வெப்ப உணரி அறிந்ததும், அடியிலுள்ள சூடேற்றி கட்டிகளின் ஓரத்தை மட்டும் லேசாக இளக்கும். சுழலும் விரல்கள் அவற்றைத் தள்ளித் தொட்டியில் வீழ்த்தும். தொட்டி நிறைந்தால் ஒரு கம்பிக்கை மேலேயே தங்கி உற்பத்தியை நிறுத்தும். நெம்பை அழுத்தும்போது தொட்டியிலுள்ள திருகுச்சுருள் கட்டிகளை வாசலுக்குத் தள்ளும்.

மோட்டார் உறுமியதால் திருகுச்சுருளில் குறையில்லை. தொட்டியை இழுத்துப் பார்த்தேன். அடியில் ஒட்டிய ஒரு சில்லைத் தவிரக் காலி. அப்படியானால் குறை விநியோகத்தில் இல்லை, உற்பத்தியில். கம்பிக்கை கீழே, சரியான நிலையில் இருந்தது. ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரி காட்டியது. அச்சுத்தட்டு காய்ந்து கிடந்தது. ஆக, தண்ணீர் வரவில்லை. கதவில் குடிநீர் வருகிறதே என்று அங்கேயே நின்றுவிட்டேன். மறுநாள் காலை அப்பாதான் சொன்னார்: "தண்ணி வருதுன்னு சொன்னேனே தவிர, நல்லா வருதுன்னு சொல்லலையே. நூல் மாதிரின்னா வருது." தெருக்குழாயில் குடம் நிரம்பும் ஓசையை வைத்தே தண்ணீரின் வேகத்தைக் கணக்கிட்ட சென்னைக்காரர் அவர்.

வடிகட்டியை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது. அடைபட்ட வடிகட்டியால் அழுத்தம் குறைந்திருந்தது. மின்காந்த வால்வு இறுக மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் வேண்டும். அது குறைந்தால் மூடிய பிறகும் சொட்டும். சொட்டிய தண்ணீர் அச்சுக்குப் போகும் வழியில், ஃப்ரீஸருக்குள் நீட்டியிருக்கும் குழாய் நுனியிலேயே உறைந்து வாயை அடைத்திருந்தது. பனிக்கட்டி வராததற்குக் காரணம் பனிக்கட்டி.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, குழாய்க்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். சில நிமிடங்களில் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குச்சி நழுவி உள்ளங்கையில் விழுந்தது. புதிய வடிகட்டியைப் பொருத்தி, அதன் வழியே சில லிட்டர் தண்ணீரைப் பிடித்துக் கொட்டினேன். முதலில் விழுந்த கட்டிகளைச் செடிக்குப் போட்டோம்.

அன்று இரவு பதினொரு மணிக்குமேல் இருட்டான அடுப்பங்கரையில் கட்டிகள் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போவதற்குள் அப்பா அங்கே இருந்தார். துண்டில் நான்கைந்து கட்டிகளைச் சுற்றி முழங்காலில் வைத்திருந்தார். இன்னொரு கட்டியைக் கையில் வைத்து, அது உருகி மணிக்கட்டு வழியே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அலையில படகுல எறக்கினான் பாரு," என்றார், "அவனுக்குக் கை மரத்துப் போயிருக்கும்."